மையும் நீரும் முகமும்

ஓவியம் என்றதும் வண்ணங்களே நம் நினைவுக்கு வருகின்றன. பட்டு நெய்யும் ஊரில் வாழும் நமக்கு அந்த நினைவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நிறமும் நம் தெருக்களில் வெயிலில் காய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். எனினும் ஒரு புட்டி கறுப்பு மையையும் ஒரு குவளைத் தண்ணீரையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் முகத்தை, அதன் எலும்பு, தோல், நிறம், வயது எல்லாவற்றோடும் தாளில் கொண்டுவர முடியும். மையில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பல அளவுக் கறுப்புகளை உண்டாக்கித் தூரிகையால் பூசும் இந்த முறையைப் பத்திரிகை ஓவியர்கள் 'வாஷ்' என்பார்கள். நாம் மைப்பூச்சு என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் பற்றி எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கோட்டால் முகம் வரைகிறவர், வரையப்படுபவரின் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம். நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியவற்றின் எல்லைகளை வரைந்து உள்ளே வெற்றுத் தாளாக விட்டுவிட்டால் போதும். தாள் வெள்ளை, ஆகவே முகமும் வெள்ளை. மைப்பூச்சில் இந்தச் சலுகை கிடையாது. முதல் பூச்சை முகத்தின்மேல் வைக்கும்போதே 'இவர் எவ்வளவு கறுப்பு?' என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்புமாக இருக்கிறோம். நாம் படித்து வளர்ந்த கதைகளுக்கு வரையப்பட்ட முகங்களோ பெரும்பாலும் தாளின் நிறத்திலேயே இருந்தன. இது எப்படி நேர்ந்தது, இதை மாற்றிக்கொள்ள மையும் நீரும் எவ்வாறு உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒளியும் நிழலும் காட்டி வரைவது மேனாட்டார் கற்பித்த வித்தை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் உள்ள சித்திரசூத்திரம் என்னும் பகுதியைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும் நிழல்முறைக்கு அந்நூல் 'வர்த்தனை' என்று பெயரிட்டு அதை மூன்றாக வகுக்கிறது. இலை நரம்புகளைப் போலக் கோடுகளை இழைப்பது பத்திரஜம். நிறத்தை மிக மெல்லியதாக இழைத்து, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியாமல் மங்கவிடுவது ஐரிகம். புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைப்பது பிந்துஜம். (விலங்கியல் மாணவர்கள் தங்கள் பதிவேட்டில் கரப்பான் பூச்சிக்குப் புள்ளி வைத்து வைத்துக் கைவலி காண்கிறார்களே, அது பிந்துஜ வர்த்தனை என்று அறிந்தால் சற்று ஆறுதல் அடைவார்கள்.) இம்மூன்றில் ஐரிகத்தின் வாரிசாகவே மைப்பூச்சைக் கருதலாம்.

நூலில் சொன்னது சுவரிலும் இருந்தது. அஜந்தா ஓவியங்களில் கருநிற மாந்தர் பலர் உண்டு. அவர்களுடைய மூக்குத் தண்டிலும் கீழுதட்டிலும் மோவாயிலும் ஓவியன் வெளிச்சத்தை வைத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு முகத்தை அவன் வெளுக்கவில்லை. கறுப்பின்மேல் ஒளி எங்கே தங்குகிறது என்று கவனித்திருக்கிறான்.

நம் ஊரிலும் அந்த மரபின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. இராசசிம்மன் என்று பெயர்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன், ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை ஆண்டவன், எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் ஐம்பத்தெட்டுச் சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் சிதைவுகள் இருப்பதை, புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1931ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சோமாஸ்கந்தர் ஓவியம் அவற்றுள் புகழ்பெற்றது. நிறம் பெரும்பகுதி உதிர்ந்து, கோடு மட்டும் நிற்கும் இடங்களே மிகுதி. ஆகவே இதைக் காணச் செல்லும் மாணவர், 'நம் முன்னோர் கோட்டிலேயே வல்லவர்' என்ற முடிவோடு திரும்பிவிடக்கூடும். எஞ்சியது கோடு என்பதால் இருந்ததும் கோடு மட்டும்தான் என்று கொள்வது பொருந்தாது. இதே அரசன் எழுப்பிய பனைமலைக் கோயிலில் உள்ள தேவியின் ஓவியத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், உதிர்ந்து போன பகுதியில் என்ன இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. நம் ஊரையடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விசயநகர அரசின் அமைச்சரான இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஓவியங்கள் மண்டபத்துக்கும் பிற்பட்டவை. டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றி எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. அங்கே ஒவ்வோர் உருவத்துக்கும் அழுத்தமான வெளிக்கோடு உண்டு. உள்ளே ஒரே சீரான நிறம் உண்டு. கதை சொல்வதற்கு அது மிகச் சிறந்த முறை. ஆயினும் கன்னத்தின் திரட்சியோ கண்குழியின் ஆழமோ அதில் இல்லை. ஐரிகம் எங்கோ வழியில் நம் கையைவிட்டு நழுவியிருக்கிறது.

அது வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்த கதையும் சுவையானது. 1903ஆம் ஆண்டில் யோகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களிடமிருந்து அவனீந்திரநாத் தாகூர் நீர்ப்பூச்சு முறையைக் கற்று, அதைத் தம் போக்கில் மாற்றிக்கொண்டார். வண்ணம் தீட்டிய தாளை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்து, காயவைத்து, மறுபடி தீட்டி, மறுபடி முக்குவது அவர் முறை. அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தார். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய அப்பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர் அவரே. 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அவரோடு வங்காள வாஷ் முறையும் சென்னைக்கு வந்தது. ஆனால் அதன் மூடுபனி போன்ற மென்மை நம் பக்கத்தில் வேரூன்றவில்லை. அதில் வியப்பில்லை, சித்திரை மாதத்துக் காஞ்சிபுரத்தில் மூடுபனியைத் தேடினால் கிடைக்குமா?

அப்பள்ளியில் பயின்றவர்களில் பலர் பத்திரிகைகளுக்கு வரையச் சென்றனர். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி (1919-1983) அவர்களில் ஒருவர். கல்லின் சொரசொரப்பையும் வழவழப்பையும் பேனாமுனைக் கோடுகளைக் கொண்டே அவர் வேறுபடுத்திக் காட்டியதைப் பெரியவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். இவ்வளவு திறமை கோட்டின் பக்கமே குவிந்ததற்கு ஓவியர்களின் விருப்பம் மட்டும் காரணமன்று. அச்சுக்கூடமும் ஒரு காரணம்.

அந்நாளில் படம் அச்சிட பிளாக் வேண்டும். கோட்டுப் படத்தை ஒளிப்படமாக்கித் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடு உள்ள இடத்தைக் காத்து, மற்ற இடங்களை அமிலத்தால் அரித்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை பட்டுத் தாளில் பதியும். இது லைன் பிளாக். இதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இடைப்பட்ட சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமானால் ஆஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். படத்தை நுண்ணிய வலைக்கோடுகள் உள்ள கண்ணாடி வழியாக ஒளிப்படம் எடுத்தால், நிழல் முழுவதும் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக உடைந்துவிடும். செய்தித்தாள் காகிதத்துக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 கோடு உள்ள வலை. வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 120 அல்லது 133 கோடு உள்ள வலை. மட்டமான தாளில் நுண்வலையைப் பயன்படுத்தினால் புள்ளிகளுக்கிடையே மை அடைத்துக்கொண்டு முகம் முழுவதும் கரி அப்பியதுபோல் ஆகிவிடும். பழைய கல்லூரி ஆண்டு மலர்களைப் புரட்டினால், முதல்வரும் பேராசிரியர்களும் மாணவர் மன்றத்தினரும் கைகட்டி அமர்ந்திருக்கும் குழுப்படங்கள் மட்டும் தனியே வழவழப்பான தாளில் அச்சாகி நடுவில் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். காரணம் இதுதான்.

வாரந்தோறும் மட்டமான காகிதத்தில் அச்சாகும் கதைக்கு லைன் பிளாக்கே மலிவு, அதுவே பாதுகாப்பும்கூட. முகத்தில் நெருக்கமாகக் கோடு இழைத்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். எனவே கூந்தல் கறுப்பு, முகம் வெள்ளை என்று வரைவது வசதியாயிற்று. வசதி நாளடைவில் வழக்கமாயிற்று. வழக்கம் அழகு என்றே ஆகிவிட்டது. பழி முழுவதையும் துத்தநாகத் தகட்டின்மேல் போட்டுவிடவும் முடியாது. சிவந்த நிறமே அழகு என்ற எண்ணம் பிளாக் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் இருந்தது. தகடு அதற்கு ஒரு சாக்காக அமைந்தது என்பதே என் கருத்து.

கோட்டாலேயே இத்தடையைக் கடந்தவரும் உண்டு. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் காந்தியின் உருவத்தை நூற்றுக்கு அருகில் கறுப்பு வெள்ளையில் வரைந்தார். அவற்றில் கோடு எல்லை வகுக்கும் வேலையைச் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, சுருங்கிய தோலாகவும் நிழலாகவும் மாறுகின்றன. அவர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர் என்பதை அறியும்போது, பாவும் ஊடையுமாக அக்கோடுகள் பின்னிக்கிடப்பதில் நம் ஊர்க்காரர் ஒரு நெருக்கத்தைக் காணலாம். அது பத்திரஜத்தின் உச்சம். அவ்வளவு பொறுமையும் கைத்திறனும் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு ஐரிகமே எளிய வழி. ஆஃப்செட் அச்சு வந்தபின் சாம்பல் நிறத்துக்குத் தனிச்செலவும் இல்லை. தடை நீங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் நாம் பழைய வழக்கத்தைவிட்டு நகரவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் மை.

வீட்டில் கண்மை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் விளக்கை ஏற்றி, சுடருக்கு மேலே தட்டையோ மண்சட்டியையோ கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். எழுதும் மைக்கும் அதே புகைக்கரிதான் மூலப்பொருள். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் தெரியாது. புகைக்கரியோடு இலைச்சாற்றைச் சேர்த்து ஏட்டின்மேல் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்து பளிச்சென்று தெரியும். இதற்கு மையாடல் என்று பெயர். பல நூற்றாண்டு கடந்தாலும் அந்த எழுத்து வெளுக்காததற்குக் காரணம், கரியை வெயிலும் காற்றும் எளிதில் மாற்ற முடியாது என்பதே.

கரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அது தண்ணீரோடு சேராது. வெறும் நீரில் போட்டால் மிதந்துகொண்டே இருக்கும். கருவேலம் பிசினை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, அந்தப் பசைநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கல்வத்தில் அரைக்க வேண்டும். பிசின் ஒவ்வொரு கரித்துகளையும் சூழ்ந்துகொண்டு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கிறது. பிறகு தாளோடு பிணைக்கிறது. பிசின் கூடினால் காய்ந்த மை பளபளத்து வெடிக்கும். குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு நேரம் அரைப்பது என்று கேட்டால், கை ஓய்ந்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் என்பதே சரியான விடை. சீனர்கள் இதே புகைக்கரியை விலங்குப் பசையில் குழைத்துக் கட்டியாக வார்த்து, வேண்டும்போது கல்லில் நீர்விட்டு உரைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சீன மைக்கு ஆங்கிலேயர் 'இந்திய மை' என்று பெயரிட்டார்கள். பெயராவது நமக்குக் கிடைத்ததே!

தமிழ்நாட்டில் இன்னொரு கறுப்பும் உண்டு. கருப்பூர்க் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்ற துணி ஓவியத்தில், கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியின்மேல், துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்து எடுத்த சாற்றால் வரைவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் கோடு கறுக்கும். வேதியியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணிக்கு மிகச் சிறந்த மை இது. ஆனால் தாளில் நீர்த்துப் பூசினால் நாளடைவில் பழுப்பாகும், தாளையும் அரிக்கும். நம் வேலைக்குக் கரி மையே உகந்தது.

கல்வத்தில் அரைக்க நேரமில்லாதவர்கள் கடையில் விற்கும் கறுப்பு டிராயிங் மையை வாங்கலாம். வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பாலும் அரக்கு சேர்ந்திருக்கும். ஒருமுறை காய்ந்தால் மறுபடி கரையாது; ஆகவே ஒரு பூச்சின்மேல் இன்னொரு பூச்சைத் துணிந்து வைக்கலாம். தூரிகையை மட்டும் உடனே கழுவிவிட வேண்டும். பேனாவுக்கு ஊற்றும் மை சாயத்தால் ஆனது. நீர் பட்டால் கரைந்து ஓடும். வெயில் பட்டால் வெளுக்கும். பழகிப் பார்க்கலாமே தவிர, வைத்துக்கொள்ள எண்ணும் படத்துக்கு ஆகாது.

தாளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். நூலுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றாவிட்டால் என்னவாகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளுக்கும் அப்படியே. ஆலையிலேயே பசை ஏற்றிய கெட்டி டிராயிங் தாளில் மை மேலேயே நின்று, நாம் இழுத்த இடத்துக்கு வரும். பசையில்லாத தாள் ஒற்றுத்தாளைப் போல உறிஞ்சிவிடும். சீனரும் ஜப்பானியரும் உறிஞ்சும் தாளிலேயே வரைந்து சாதித்திருக்கிறார்கள். தொடங்குகிறவருக்கு அது வேண்டாத சோதனை. தாளை நனைத்து, நான்கு ஓரங்களிலும் பசைத்தாள் ஒட்டிப் பலகையில் இறுக்கிக் காயவிட்டால், பூசும்போது அலை அலையாக எழும்பாது.

தூரிகைக்கு மரபு ஓவியர்கள் அணில் வால் முடியைக் கட்டினார்கள். இன்று நாம் அணிலைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை; நல்ல நைலான் தூரிகைகள் வந்துவிட்டன. எட்டு அல்லது பத்தாம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, மூன்றாம் எண் ஒன்று போதும். கீரி முடித் தூரிகை என்று யாராவது கொடுத்தால் வாங்கக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைப் பாதுகாக்கிறது.

ஐந்து கிண்ணங்களை வரிசையாக வையுங்கள், கொட்டாங்கச்சியும் ஆகும். ஐந்தாவதில் கலப்பில்லாத மை. நான்காவதில் பாதி மை, பாதி நீர். நான்காவதிலிருந்து கொஞ்சம் எடுத்து அதே அளவு நீர் சேர்த்தால் மூன்றாவது. அப்படியே இரண்டாவது, முதலாவது. முதல் கிண்ணம் கழுவிய தண்ணீரைப் போல இருந்தாலும் தாளில் ஒரு நிறத்தைக் காட்டும். சீன ஓவியர்கள் மையில் ஐந்து நிறம் உண்டு என்று கணக்கிடுவது இத்தகைய படிகளைத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டுத் தாளில் ஒரு கட்டம் பூசிக் காயவையுங்கள். ஈரத்தில் கண்ட கறுப்பு காய்ந்தபின் ஒரு படி வெளுத்திருக்கும். இந்தச் சோதனைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; பின்னால் வேலை இருக்கிறது.

பூசும்போது பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, மேலிருந்து கீழாகத் தூரிகையை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பின் அடியிலும் ஒரு நீர்த்திரள் தேங்கி நிற்கும். அந்தத் திரளை அடுத்த இழுப்பால் வாங்கிக் கீழே கொண்டுபோக வேண்டும். அது காய்ந்துவிட்டால் அங்கே ஒரு வரி விழுந்துவிடும். கோடை நண்பகலில் நம் ஊர்க் காற்று அதைக் காயவைக்கக் கண்சிமிட்டும் நேரம் போதும். எனவே அதிகாலையில் பூசுவதோ, தாளை முன்னமே லேசாக நனைத்துக்கொள்வதோ நல்லது. ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு: பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும். அரைகுறையாகக் காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகையை வைத்தால், நீர் உள்ளே பாய்ந்து கரியை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் போல ஒரு கறையை உண்டாக்கும். ஆகவே ஒன்று முழு ஈரத்தில் சேருங்கள், அல்லது முழுதாகக் காயவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே வேலை. கறுப்பு கூடிவிட்டதென்று தோன்றினால் ஈரம் இருக்கும்போதே பிளாட்டிங் தாளால் ஒற்றி எடுக்கலாம். காய்ந்தபின் எடுக்க வழியில்லை. இம்முறையில் வெள்ளை நிறம் என்று ஒன்று கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

உயிருள்ள முகத்துக்கு வருமுன் கல்லில் பழகுவது நன்று. கல் அசையாது, களைப்படையாது, 'என் மூக்கு இப்படியா இருக்கிறது?' என்று கேட்காது. கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல்; மேலே உள்ள சிற்பங்கள் மணற்கல். மணற்கல்லின் மங்கிய பழுப்பு, ஒளிநிழலைத் தெளிவாகக் காட்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் தூணைத் தாங்கி நிற்கும் சிங்கம் ஒன்றின்முன் அமர்ந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கமெல்லாம் மறைந்து மூன்றே படிகள் தெரியும்: ஒளி, இடைநிழல், இருள். அம்மூன்றை மட்டும் பூசிவிட்டு எழுந்துவிடுங்கள். சில சிற்பங்களின்மேல் பிற்காலத்தில் சுண்ணச்சாந்து பூசிப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்த முகங்கள் மொழுக்கையாக இருக்கும். சாந்து உதிர்ந்து பழைய உளிவேலை தெரியும் இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்து வரைவது தாழ்வு என்று எண்ண வேண்டியதில்லை. டச்சு நாட்டுப் பேரோவியர் ரெம்பிராண்ட் தம் ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில், நம் நாட்டு முகலாயச் சிற்றோவியங்களை எதிரே வைத்துக்கொண்டு ஜப்பானியத் தாளில் மையால் படியெடுத்துப் பழகினார். அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.

இப்போது முகம். அயல்நாட்டு ஓவியப் பாடநூல்கள் வெள்ளையர் முகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தாளை அப்படியே விடு, கண்குழியிலும் மூக்கின் அடியிலும் கழுத்திலும் மட்டும் நிழல் இடு என்று அவை சொல்லும். அதைப் பின்பற்றி நம்மவரை வரைந்தால், யாரோ ஒரு வெள்ளைக்காரர் நம் தாத்தாவின் மூக்கைக் கடன் வாங்கி வந்ததுபோல் இருக்கும். நமக்கு வழி வேறு. மாநிறத்தவருக்கு இரண்டாம் கிண்ணத்தையும், கறுத்தவருக்கு மூன்றாம் கிண்ணத்தையும் எடுத்து, நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு ஆகிய இடங்களில் ஒளிப்பொட்டுகளை மட்டும் விட்டு, முகம் முழுவதும், கண்ணும் உதடும் உட்பட, ஒரே பூச்சாகக் கழுத்துவரை இறக்கிவிட வேண்டும். நிழல் என்பது இதற்குப் பிறகுதான். கறுத்த தோலில் ஒளி சிறிதாகவும் கூர்மையாகவும் விழும். அதன் விளிம்பைக் குழைக்காமல் அப்படியே விட்டால் தோலின் எண்ணெய்ப் பளபளப்பும் உயிரும் வந்துவிடும். வெளுத்த முகத்தில் நிழல் வேலை செய்வதுபோலக் கறுத்த முகத்தில் ஒளி வேலை செய்கிறது. அஜந்தா ஓவியன் மூக்கிலும் மோவாயிலும் ஒளியை வைத்ததன் நியாயம் அப்போது கைக்கே விளங்கும்.

விழியின் வெள்ளையை வெற்றுத்தாளாக விடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. இமையின் நிழலில் இருக்கும் வெள்ளை உண்மையில் வெள்ளையாக இருப்பதில்லை. அதன்மேல் முதல் கிண்ணமாவது படியவேண்டும். இல்லாவிட்டால் ஆந்தை விழிப்பதுபோல் ஆகும். சிரிக்கும்போது தெரியும் பற்களுக்கும் இதே விதி. மாறாக, நெற்றியில் உள்ள திருநீற்றையும் திருமண்ணையும் முழு வெள்ளையாக விடுங்கள். அந்த வெள்ளை அருகில் இருக்கும்போதுதான் முகத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பது தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. (வடகலையா தென்கலையா என்பதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதில் பிசகினால் படம் முடிந்தாலும் வழக்கு முடியாது.)

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. வெளிச்சம் ஒரே பக்கத்துச் சன்னலிலிருந்து வருகிறது. தலை குனிந்திருப்பதால் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் ஒளி விழுந்து, கண்கள் புருவ நிழலுக்குள் போய்விடுகின்றன. நாடா ஓடும்போது தோள் அசையும். முகமோ பாவின்மேலேயே நிலைத்திருக்கும். கண்ணை வரைய வேண்டும் என்ற தவிப்பை அடக்கிக்கொண்டு, கண்குழியை நான்காம் கிண்ணத்தின் ஒரே திட்டாக வைத்துப் பாருங்கள். பார்வை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பவரே கண்டுகொள்வார். வரையப்படுபவர், 'என்னை ஏன் இவ்வளவு கறுப்பாக்கிவிட்டாய், தம்பி?' என்று கேட்கக்கூடும். உடனே அழித்துத் திருத்த இம்முறையில் வழியில்லை என்பது ஒரு வசதி. படத்தைச் சற்றுத் தொலைவில் சுவரில் சாய்த்து வைத்து, அவரையே அங்கிருந்து பார்க்கச் சொல்வது நல்லது. கையெட்டும் தொலைவில் கறுப்பாகத் தெரிந்தது பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முகமாகத் தெரியும்.

முடித்த படங்களைப் பற்றி ஒரு சொல். பிசின் சேர்ந்த மையையும் பசை ஏற்றிய தாளையும் மழைக்காலத்துப் பூஞ்சணமும் புத்தகப் பூச்சியும் மிக விரும்பும். படங்களுக்கிடையே வெற்றுத்தாள் வைத்து, ஈரமில்லாத உயரமான இடத்தில், படுக்கை வாட்டில் அடுக்கி வையுங்கள். ஆண்டு மலருக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறுத்த பரப்பைக் கண்டதும் அக்கருவி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுத்துவிடும். பழைய துத்தநாகத் தகடு செய்த வேலையை இது இன்னும் விரைவாகச் செய்கிறது. படத்தை நேர் வெயிலில் வைக்காமல் தாழ்வாரத்து நிழலில் வைத்து, முன்பு எடுத்து வைத்த ஐந்து கட்டச் சோதனைத் துண்டையும் பக்கத்தில் வைத்தே எடுங்கள். அச்சகத்தாரிடம் கொடுக்கும்போது அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுத்து, மாதிரிப் படியில் ஐந்து கட்டங்களும் தனித்தனியே தெரிகின்றனவா என்று பாருங்கள். முதல் கட்டம் தாளோடு கலந்து மறைந்திருந்தால் இன்னொரு மாதிரிப் படி கேளுங்கள்.